பத்தொன்பதாம் இலக்கத்து மழை

மூன்று கிழமையாக மழை ஒரே வீட்டின் மேல் பெய்துகொண்டிருந்தது.

ஸ்தூர்வோக் நகரத்தில் மழை பெய்வது ஒரு செய்தி அல்ல. நோர்வேயின் மேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஊர் அது. கோடை என்று சொல்லப்படுகிற மாதங்களிலும் குடையை வாசலைவிட்டு உள்ளே எடுக்கமாட்டார்கள். ஆனால் ஆகஸ்ட் மாதத்தின் அந்தக் காலையில் நகுலேஸ்வரி பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெரு காய்ந்திருந்தது. மேல்மேட்டுத் தெருவில் மூச்சு வாங்க ஏறிப் பதினேழாம் இலக்கத்தைத் தாண்டினாள். அடுத்த அடியில் சப்பாத்து நனைந்தது.

அவள் நின்று கீழே பார்த்தாள். தார்த் தெருவின் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் சாம்பல் நிறம், அந்தப் பக்கம் கறுப்பு. ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்து நின்றாள். இடது தோளில் மட்டும் மழை விழுந்தது.

இது எதனால் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் நகரத்தைச் சுற்றியுள்ள மலை முகடுகளில் உயரமான கம்பங்களை நட்டார்கள். மழையை நிறுத்த அவற்றால் முடியாது. மேகத்தைக் கொஞ்சத் தூரம் தள்ளி, வேறோர் இடத்தில் பெய்ய வைக்க முடியும். கலியாணம், மரணச்சடங்கு, பள்ளிக்கூட விளையாட்டு என்று எதற்கும் விண்ணப்பிக்கலாம். கேட்ட நேரத்தில் கேட்ட இடம் காய்ந்திருக்கும். விலக்கிய மழை எங்கே போகிறது என்று விண்ணப்பிக்கிறவர்கள் யாரும் கேட்பதில்லை. அவளும் கேட்டதில்லை.

மேட்டின் உச்சியில் மூன்று வீடுகள். இரண்டில் ஆள் இல்லை. மூன்றாவது, பத்தொன்பதாம் இலக்கம், ஆஸ்லாக்கின் வீடு.

ஆஸ்லாக்குக்கு எண்பத்து நான்கு வயது, கண் பார்வையும் மங்கிவிட்டது. நாற்பது வருடம் பயணக்கப்பல்களின் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். மனைவி இறந்து ஏழு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. நகுலேஸ்வரி நகரசபையின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறாள். வேலை நாட்களில் ஒன்பதரைக்கு வந்து மாத்திரை கொடுத்து, வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறை மாட்டிவிட்டுப் போவாள். ஆறு வருடமாக இதுதான்.

"சாப்பிட்டீர்களா?" என்று கேட்டபடி கதவைத் திறந்தாள். நோர்வேமொழியில் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான். ஆனால் அவள் வாயில் அது எப்படியோ 'நீங்கள்' போலவே ஒலிக்கும். இந்தக் கேள்வியும் இந்த நாட்டில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி. முதல் நாள் அவள் கேட்டபோது ஆஸ்லாக் திகைத்துப்போய், தன்னை எங்கேயோ விருந்துக்கு அழைக்கிறாள் என்று நினைத்து மேற்சட்டையை எடுக்கப் போனார்.

"நீயும் கேட்கிறாய்," என்று சிரித்தார்.

காலுறையைச் சுருட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "வேறு யார் கேட்கிறார்கள்?"

"ஒன்பது மணிக்கு ஒருத்தி கூப்பிடுவாள். நல்ல பெண்."

"பெயர் என்ன?"

"நான் கேட்டதில்லை."

"என்ன கதைப்பாள்?"

"சாப்பிட்டேனா என்பாள். கால் வலி எப்படி என்பாள். பிறகு ஒரு சின்ன உதவி கேட்பாள்."

"என்ன உதவி?"

ஆஸ்லாக் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது எனக்கும் அவளுக்கும் இடையில்."

நகுலேஸ்வரி காலுறையை மாட்டிவிட்டு எழும்பினாள். தனியாக இருக்கும் முதியவர்களிடம் தொலைபேசியில் தேனாகப் பேசி ஏமாற்றும் கூட்டங்களைப் பற்றி வேலை இடத்தில் இரண்டு முறை எச்சரித்திருந்தார்கள். ஆஸ்லாக்குக்கு ஒரு மருமகன், சகோதரியின் மகன், இருக்கிறான். வருடத்துக்கு ஒருமுறை வந்து வீட்டின் சுவர்களை அளப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவான். அவன் ஏவிவிட்ட ஆளாக இருக்குமோ? மேசையிலிருந்த கடிதங்களை ஒதுக்கி வைப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பார்த்ததற்காக வெட்கப்பட்டாள். ஆனாலும் பார்த்தாள்.

தேநீர்க் கோப்பையைக் கழுவும்போது பின்பக்க யன்னலால் அந்தப் பூர்ச்ச மரம் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் செங்குத்தான மண்சரிவு. அதன் நடுவில் நிற்கும் வெள்ளைத் தண்டு மரம். ஆறு வருடமாக அவள் பார்க்கிற மரம். அது இப்போது வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல் முன்னால் சாய்ந்து நின்றது. கீழே வேலிக் கட்டைகளும் ஒரு பக்கம் சரிந்திருந்தன.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

*

சனிக்கிழமை அம்மன் கோவிலில் தேர்த் திருவிழாவுக்கான கூட்டம். முன்னர் மீன்வலைகள் வைத்திருந்த பழைய களஞ்சியம்தான் கோவில். எத்தனை சாம்பிராணி போட்டாலும் மழைக்காலத்தில் மீன் மணம் மெல்ல எட்டிப் பார்க்கும். பரிபாலன சபைத் தலைவர் சபாபதி, நகுலேஸ்வரி குடியிருக்கும் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவர். மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று வேலை செய்த மனிதர். இப்போது உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார்.

"அடுத்த கிழமை ஞாயிறு பத்து மணிக்குத் தேர். பத்திலிருந்து ரண்டு மணி வரைக்கும் ஒரு பொட்டு மழை விழாது," என்று நகரசபைக் கடிதத்தை உயர்த்திக் காட்டினார். "ஆறு வருசமாத் தேர் நனையேல்லை. அம்மா பாத்துக்கொள்ளுறா."

"அம்மாவோ, கம்பமோ?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"கம்பத்தை நட வைச்சது ஆர்? விசர்க் கேள்வி கேக்காதையும்."

எல்லாரும் சிரித்தார்கள். நகுலேஸ்வரியும் சிரித்தபடி கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. விலக்கப்படும் மழை பெய்யும் இடம்: மேல்மேட்டுத் தெரு 19.

அவள் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்துபோனது.

"அண்ணை, இந்த இடத்தை ஆர் சொன்னது?"

"எந்த இடம்?"

"மழை போய் விழுற இடம்."

சபாபதி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு வாசித்தார். "எனக்கென்ன தெரியும் தங்கச்சி. அவங்கள் எழுதி அனுப்புவாங்கள், நான் கையெழுத்து வைப்பன்."

"ஆறு வருசமும் இதே இடமோ?"

"நான் இந்தப் பக்கத்தைப் பிரட்டினதே இல்லை," என்றார் அவர். பொய் சொல்கிற முகமாக இல்லை. ஆனால் அவளுக்கு அன்று யாருடைய முகத்தையும் நம்ப முடியவில்லை. பூசை முடிந்து தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியபோதும் மனம் நிற்கவில்லை. ஆறு வருடம் தேர் காய்ந்து வந்ததற்கு நன்றி சொல்லித் தேங்காய் உடைத்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்த நேரங்களில் ஒரு கிழவரின் கூரையில் அவ்வளவும் கொட்டியிருக்க வேண்டும். அம்மா, இது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். கேட்ட பிறகுதான், தெரிந்திருக்க வேண்டியது தனக்கு என்று பட்டது.

*

மழை நகர்த்தும் அலுவலகத்தில் ஆரணி என்ற பிள்ளை வேலை செய்தாள். நகுலேஸ்வரியின் சிநேகிதியின் மகள், இங்கேயே பிறந்தவள். திங்கட்கிழமை மத்தியானம் அவளை அலுவலகத்தின் கீழுள்ள கோப்பிக் கடையில் பிடித்தாள்.

"ஒரு வீட்டிலயே எல்லா மழையையும் ஊத்துறது சட்டமோ பிள்ளை?"

"அங்க இருக்கிற ஆக்கள் சம்மதிச்சால் சட்டம்தான் அன்ரி. சம்மதம் இல்லாமல் ஒரு துளியும் போடேலாது. ஒரு கட்டடம் எண்டால் அதில இருக்கிற எல்லாரும் ஓம் எண்டவேணும். ஒராள் மாட்டன் எண்டாலும் சரிவராது."

"மேல்மேட்டில ஒராள்தான் இருக்கிறார்."

"அதாலதான்," என்றாள் ஆரணி. சொன்ன பிறகு அவளுக்கே அது ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். கோப்பியைக் கிண்டினாள். "ஒரு 'ஓம்' போதும். மெசினுக்கு அது லேசு."

"எந்த மெசின்?"

"சம்மதம் கேக்கிறது மனிசர் இல்லை அன்ரி. ஒவ்வொரு நாளும் காலமை ஆயிரம் பேருக்கு மேல கூப்பிடவேணும். ஆரிட்ட எப்பிடிக் கேட்டால் ஓம் எண்டுவினம் எண்டு பாத்து, அந்த மாதிரிக் குரலில கேக்கும்."

தேனாகப் பேசும் கூட்டத்தை நகுலேஸ்வரி எங்கெங்கோ தேடியிருந்தாள். மருமகனைச் சந்தேகித்தாள், சபாபதியைச் சந்தேகித்தாள். அது நகரசபையாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அவளுக்குச் சம்பளம் தருவதும் அதே நகரசபைதான்.

"அவரிட்ட என்னெண்டு கேக்குது? நான் அவரைப் பராமரிக்கிற ஆள். எனக்குக் கேக்க உரிமை இருக்கு."

ஆரணி சுற்றிலும் பார்த்தாள். பிறகு தன் கணினியைத் திறந்து ஒரு காதுக்கருவியை நீட்டினாள். இளம் பெண்ணின் குரல், இந்தக் கரையோரத்துப் பேச்சு.

"காலை வணக்கம் ஆஸ்லாக். சாப்பிட்டீர்களா?"

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன்."

"கால் எப்படி? நாளைக்கு உங்கள் மேட்டில் கொஞ்சம் மழை வைத்துக்கொள்ள முடியுமா?"

"அதற்கென்ன. ஆகட்டும்."

நகுலேஸ்வரி காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "சாப்பிட்டீங்களோ எண்டு கேக்கச் சொல்லி இதுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது? இந்த நாட்டில அப்பிடி ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறேல்லை. நகரசபைக் குறிப்புகளெல்லாம் ஒரே இடத்தில கிடக்குது. அதுவாத் தேடி எடுக்கும்." ஆரணி விசைகளைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். பிறகு கணினியை மெல்லத் தன் பக்கம் திருப்பினாள்.

"காட்டும்," என்றாள் நகுலேஸ்வரி.

"வேண்டாம் அன்ரி."

"காட்டும் பிள்ளை."

அது ஒரு பராமரிப்புக் குறிப்பு. ஆறு வருடத்துக்கு முந்திய திகதி. தாயின் அந்தியேட்டிச் சடங்குக்காக அவள் ஒரு மாதம் ஊருக்குப் போனபோது, தனக்குப் பதிலாக வருகிறவர்களுக்கு எழுதி வைத்தது. அவளுடைய பிழை மலிந்த நோர்வேமொழியில் இரண்டே வரிகள். 'முதலில் அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பிறகு எதற்கும் சம்மதிப்பார்.' கீழே அவள் பெயர்.

மாத்திரைக்கும் குளிப்புக்கும் அடம்பிடிப்பார் என்று எழுதியது. புதிதாக வருகிறவர்கள் அவரிடம் கோபிக்கக் கூடாது என்று எழுதியது.

"உங்களில பிழை இல்லை," என்றாள் ஆரணி.

"இதை எப்பிடி நிப்பாட்டுறது?"

"அவர் மாட்டன் எண்டு சொல்லவேணும். வேற ஒருத்தரும் சொல்லேலாது."

"பின்னால இருக்கிற மண் இறங்குது பிள்ளை. மரம் சாயுது."

"மண்ணைப் பாக்கிறது வேற பகுதி. நான் அறிவிக்கிறன். ஆனா ஆள் வந்து பாக்க ஒரு கிழமையாவது செல்லும்." ஆரணி நாட்காட்டியைப் பார்த்தாள். "ஞாயிற்றுக்கிழமை நாலு மணித்தியால மழை முழுக்க அங்கதான் போகுது. கோவில் தேருக்கு."

*

நகுலேஸ்வரி அந்தக் கிழமை முழுவதும் அவரிடம் சொல்ல முயன்றாள். ஒவ்வொரு நாளும் "நாளைக்குக் கதைப்போம்" என்றார். கடிதம் முன்பே போயிருந்தாலும், ஞாயிற்றுக்கிழமைக்கான சம்மதத்தைச் சனிக்கிழமை காலையில்தான் கேட்பார்கள் என்று ஆரணி சொல்லியிருந்தாள். அன்று அவளுக்கு விடுமுறை. ஆனாலும் எட்டரைக்கே மேட்டில் ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"இன்று நீ வரும் நாள் இல்லையே," என்றார் ஆஸ்லாக்.

அவள் கதிரையை இழுத்து அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கம்பங்கள், சம்மதம், தான் எழுதிய இரண்டு வரி. கடைசியில், "உங்களோடு பேசுகிற அந்தப் பெண் மனிதர் இல்லை, ஆஸ்லாக். அது ஒரு மெசின்," என்றாள்.

அவர் அழுவார் என்று பயந்தாள். அவர் சிரித்தார்.

"நாற்பது வருடம் இயந்திரத்தோடு வாழ்ந்தவன் நான். இயந்திரத்தின் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"தெரிந்துமா ஓம் என்றீர்கள்?"

"யாரோ துணி காயப்போடுவார்கள். யாருக்கோ கலியாணம். எனக்கு மழையால் என்ன, நான் வெளியே போவதே இல்லை." கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டார். "என்னிடம் ஒன்றைக் கேட்டு, நான் கொடுத்து, அதனால் ஒருவருக்கு நல்லது நடக்கிறதென்றால் அது சின்ன விசயமா? நாளைக்கு யாருக்கு என்று உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். "எங்கள் அம்மனுக்கு. நாளைக்குத் தேர்."

ஆஸ்லாக்கின் முகம் மலர்ந்தது. "உன் கடவுளுக்கா? அப்படியென்றால் கட்டாயம் ஓம் சொல்வேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவரைப் பிடித்து எழுப்பிப் பின்பக்க யன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். யன்னலைத் திறந்து அவர் கையைப் பிடித்து வெளியே நீட்டினாள். சாய்ந்த மரத்தின் இலைகள் அவர் விரலில் பட்டன.

அவர் கையை இழுக்கவில்லை. இலைகளைத் தடவிப் பார்த்தார். "இது என்ன?"

"உங்கள் பூர்ச்ச மரம்."

"அது பத்து மீற்றர் தள்ளியல்லவா நிற்கிறது."

"நின்றது."

தொலைபேசி அடித்தது. ஒன்பது மணி. ஆஸ்லாக் சுவரைத் தடவித் தடவிப் போய் எடுத்தார். அவள் பின்னால் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சாப்பிட்டேன்," என்றார். "கால் பரவாயில்லை." பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லை. நாளைக்கு முடியாது. இனி முடியாது."

அந்தக் குரல் கோபிக்கவில்லை. நன்றி சொன்னது. இனிய நாளாக அமையட்டும் என்றது. இணைப்பு அறுந்தது. ஆஸ்லாக் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.

"வேறு எதுவும் கேட்கவில்லை," என்றார் கடைசியில்.

நகுலேஸ்வரி அடுப்படிக்குப் போனாள். காலையில் பாவித்த கோப்பையோ தட்டோ ஒன்றுமில்லை. அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

"சாப்பிட்டீர்களா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"இல்லை," என்றார் ஆஸ்லாக். "அவளிடம் அதைச் சொல்லி என்ன செய்வது?"

*

ஞாயிற்றுக்கிழமை தேர் வெளிக்கிட்டபோது மழையும் வெளிக்கிட்டது.

ஆறு வருடமாகத் தேவைப்படாததால் தேருக்கு மூடுதுணிகூட இல்லை. கடதாசிப் பூக்களின் சாயம் கரைந்து வடத்தில் வழிந்தது. பட்டுச் சேலைகள் கால்களில் ஒட்டின. ஐயர் கர்ப்பூரத் தட்டை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். சபாபதி தொலைபேசியில் நகரசபையைத் திட்டிவிட்டு வந்தார். சம்மதம் கிடைக்கவில்லை, வேறு இடம் தேட நேரமும் இல்லை என்றார்களாம்.

"ஆரோ வேணுமெண்டு குழப்பியிருக்கினம். பொறாமை. ஆரெண்டு கண்டுபிடிக்காமல் விடமாட்டன்."

"நான்தான் அண்ணை," என்றாள் நகுலேஸ்வரி.

வடத்தைப் பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒளிக்காமல் சொன்னாள். அந்த வீடு, அந்தச் சரிவு, கடிதத்தின் இரண்டாம் பக்கம். ஒரு பெண், "எங்கட கோவிலைவிட வெள்ளைக்காரக் கிழவன் பெரிசாப்போச்சு," என்று அவளுக்குக் கேட்கும்படியாகவே முணுமுணுத்தாள். சபாபதி நனைந்த வடத்தைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "இழுங்கோ!" என்று சத்தமிட்டார். தேர் நகர்ந்தது. அம்மனின் முகத்தில் மழை வழிந்தது. நகுலேஸ்வரிக்கு அது குற்றமாகத் தெரியவில்லை.

தேர் சுற்றி முடித்து இருப்பிடத்துக்கு வந்த பிறகு, அவள் யாரோடும் பேசாமல் வெளிக்கிட்டபோது பின்னாலிருந்து சபாபதியின் குரல்.

"நில்லும். அந்த மனிசன் தனியவோ இருக்கிறார்?"

"ஓம் அண்ணை."

ஒரு கடதாசிச் சரையில் சர்க்கரைப் பொங்கலைக் கட்டி, இன்னொரு பொலித்தீன் பையால் சுற்றி அவள் கையில் திணித்தார். "சூடாறுமுன்னம் குடும். இனிப்புச் சாப்பிடலாமோ எண்டும் கேளும்."

அடுத்த நாள் மண்ணைப் பார்க்கும் பகுதியிலிருந்து ஓர் அம்மா வந்தாள். முந்திய நாள் மேட்டில் அதற்கென்று விழவேண்டிய சாதாரண மழை மட்டும்தான் பெய்திருந்தது. அதற்கே வேலி விழுந்து, மண் வீட்டின் பின்சுவர் வரை வந்து நின்றிருந்தது. வந்தவள் அதில் ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தாள். "நேற்று இதற்கு மேலும் நாலு மணித்தியாலம் பெய்திருந்தால்," என்று தொடங்கினாள். யன்னலுக்கு அப்பால் மிச்சப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆஸ்லாக்கைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

*

பத்து நாள் கழித்து, ஓர் ஓய்வு நாளின் காலை ஏழு மணிக்கு, நகுலேஸ்வரியின் தொலைபேசி அடித்தது. மகன் ஒஸ்லோவில் இருக்கிறான். அவன் இந்த நேரத்தில் எழும்புகிறவன் அல்ல.

"நகுலாக்கா, வணக்கம். சாப்பிட்டீங்களோ?"

அவள் பிறந்த பருத்தித்துறைப் பக்கத்துப் பேச்சு. தெரிந்த யாரோ என்று நினைத்து, "ஓம், சாப்பிட்டன்," என்று அவள் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது எந்தக் குரல் என்று விளங்கியது. இரவு முதல் அவள் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

"நாளை முதல் மூண்டு நாள் உங்கட கட்டடத்தில கொஞ்சம் கூடுதலா மழை வைச்சிருக்க ஏலுமோ அக்கா?"

"ஆருக்காக?"

இந்தக் கேள்வியை அதனிடம் அதிகம் பேர் கேட்டிருக்கமாட்டார்கள்.

"மேல்மேட்டுத் தெரு பத்தொன்பது. சரிவுக்கு ஆணி அடிச்சு வலை கட்டவேணும். மண் காயாமல் வேலை செய்யேலாது."

நகுலேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தப் பெயரைக் கேட்டதும் மனம் இளகியது உண்மை. இளகும் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது. வேலை உண்மையிலேயே நடக்கிறதா, அல்லது அவள் எந்தப் பெயருக்கு ஓம் சொல்வாள் என்று தேடி எடுத்ததா?

"இது உண்மையோ?"

"பொய் சொல்ல எனக்கு அனுமதி இல்லை அக்கா."

"எங்கட ஊர்ப் பேச்சில கேக்கிறீரே, அது மட்டும் என்ன?" அவள் கட்டிலை விட்டு எழும்பினாள். "சரி. நான் ஓம். ஆனால் நாளைக்கு ஏறிப் போய் என்ர கண்ணாலை பாப்பன். இன்னொண்டு. இனிச் சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரையும் கேளாதையும். அது, இல்லை எண்டு சொன்னால் சோறு போடக்கூடிய ஆக்கள் கேக்கிற கேள்வி."

"குறித்துக்கொண்டேன்," என்றது குரல். அந்த ஒரு சொல்லில் பருத்தித்துறை இல்லை.

அன்று முழுவதும் அவள் நிம்மதியாக இல்லை. கட்டடத்தில் பதினொரு குடும்பம். எல்லாரும் ஓம் சொன்னால்தான் மழை விலகும். அவர்களில் நாலு பேர் அவளுக்கு வணக்கம்கூடச் சொல்லாதவர்கள். தேரில் முணுமுணுத்த அந்தப் பெண்ணும் ஐந்தாம் மாடியில்தான் இருக்கிறாள்.

அடுத்த நாள் காலை அவள் வேலைக்கு வெளிக்கிட்டபோது வாசலில் மழை அடைத்துக்கொண்டு கொட்டியது. கதவடியில் சபாபதி குடையோடு நின்றார்.

"உமக்கும் கூப்பிட்டதோ?"

"ஓம் அண்ணை."

"நேற்று ஆறரைக்கே எனக்குச் சாப்பிட்டியளோ எண்டு கேட்டுது. நான் சாப்பிட்டால் உனக்கென்ன, நீயோ கோப்பை கழுவப்போறாய் எண்டு கேட்டன்." குடையை விரித்தார். "பிறகு அந்த மனிசன்ர விலாசத்தைச் சொல்லிச்சுது. என்ன செய்யிறது, ஓம் எண்டிட்டன். ஐஞ்சாம் மாடிப் பிள்ளையும் ஓம் எண்டவவாம். நான் சொன்னன் எண்டு சொல்லாதையும், கோவிப்பா."

பஸ்ஸிலும் அவள் நம்பவில்லை. மேட்டில் ஏறும்போதும் நம்பவில்லை. பதினேழாம் இலக்கத்தைத் தாண்டியதும் நின்று கீழே பார்த்தாள். தெருவில் கோடு இல்லை. மேலே, கீழே, எல்லாம் சாம்பல் நிறமாகக் காய்ந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் துளையிடும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. மஞ்சள் சட்டை போட்ட மூன்று பேர் சரிவில் கயிற்றில் தொங்கினார்கள். பூர்ச்ச மரத்தைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

ஆஸ்லாக் பல மாதத்துக்குப் பிறகு முன்கதவைத் திறந்து வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பியிருந்தார். அவள் காலடிச் சத்தத்தை அடையாளம் கண்டு கையை நீட்டினார். அவளுடைய சட்டைக் கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இங்கே மழை இல்லையே. நீ எங்கே நனைந்தாய்?"

"வீட்டடியில்."

அவர் அந்த ஈரக் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். இயந்திரக்காரர். எது எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்று விளங்கிக்கொள்ள அவருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நீ சாப்பிட்டாயா?" என்றார்.

ஆறு வருடத்தில் அவர் அதை அவளிடம் கேட்பது இதுதான் முதல் தடவை.

"இன்னும் இல்லை," என்றாள் நகுலேஸ்வரி.

ஆஸ்லாக் கதிரையின் கையைப் பிடித்து எழும்பி, சுவரைத் தடவிக்கொண்டு, அவளுக்குச் சாப்பிடப் பாண் வெட்டுவதற்கு உள்ளே போனார்.